பத்திரத்தில் இல்லாத தடம்

இடம் தேடத் தொடங்கியபோது நான் முதலில் செய்தது ஓர் அட்டவணை போட்டதுதான். தண்ணீர், மண், ரோடு, மின்சாரம், ஆஸ்பத்திரிக்கு ஆகும் நேரம், அக்கம்பக்கம் என்று ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பணிக்காலம் முழுவதையும் நில ஆவணங்களோடு கழித்தவன் வேறு எப்படித் தேடுவான்? பெண் பார்க்கப் போனபோதே நான் கையில் ஒரு தாளில் குறிப்பெழுதி எடுத்து வந்ததாக என் மனைவி இன்றும் சொல்லித் திரிகிறாள். அது பொய். தாள் இரண்டு.

நாங்கள் ஐந்து குடும்பங்கள். மதுரையில் ஒரே மைதானத்தைக் காலை வேளைகளில் சுற்றிச் சுற்றி வந்து பழக்கமானவர்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எல்லோருடைய பிள்ளைகளும் வெளியூரில். எல்லோருக்கும் மாடி வீட்டுக்காரர்மேல் ஒரு புகார். காற்றும் இடமும் உள்ள ஊராகப் பார்த்து, ஒத்த மனசுள்ளவர்களாகச் சேர்ந்து போய்விடலாம் என்று பேசிக்கொண்டோம். இதை வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: “இங்க எதிர்வீட்டுக்காரரு பேரு உங்களுக்குத் தெரியுமா? அங்க போயி மட்டும் யாரோட ஒட்டி உறவாடப் போறீங்க?” நான் அட்டவணையை நீட்டினேன்.

கம்பம் பக்கம் பார்த்த இடத்தில் திராட்சைக்கு அடிக்கும் மருந்து வாடை தலைவலியைக் கொடுத்தது. சிறுமலையில் தண்ணீர் இல்லை. கொடைக்கானல் அடிவாரத்தில் ரோடு இல்லை. இருந்த ஓரிடத்தில் தினமும் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஒரு தங்கும் விடுதி இருந்தது. கடைசியில் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி போகும் ரோட்டில், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால், மாவும் இலவமும் நின்ற ஒரு சரிவைப் பார்த்தோம். முன்னால் ரோடு, பின்னால் மலை, ஒரு பக்கம் ஓடை. போடிக்குப் போனால் மதுரைக்கு ரயில். ஆறு கட்டங்களிலும் சேர்த்து ஐம்பத்தொரு மதிப்பெண் வந்தது.

அக்கம்பக்கம் என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே போட்டுவிட்டேன். அக்கம்பக்கம் என்றால் நாங்கள் ஐவர்தானே.

அன்று மாலை நாங்கள் சரிவில் நின்று, யாருக்கு எந்தத் துண்டு என்று பேசிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கி, மரங்களுக்கு நடுவே வரிசையாக ஏறி வந்தார்கள். கையில் தூக்குவாளி, தலையில் கட்டிய துணி, நகங்களில் ஏலக்காய்க் கறை. விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரள எஸ்டேட்டுகளுக்குக் காய் எடுக்கப் போய், மாலையில் திரும்புகிறவர்கள். இந்தச் சரிவுக்கு மேலே முப்பது வீடுகள் உள்ள அவர்களுடைய ஊர், மேலூர். ஒன்றரை அடி அகலத்தில், புல் முளைக்காமல் தேய்ந்த ஒரு தடம் நிலத்தின் நடுவே போனது. அவர்கள் அதில்தான் நடந்தார்கள்.

அவர்களில் ஒருத்தர் மட்டும் எங்களைப் பார்த்து நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

“வீடு வைக்கப் போறீங்களாய்யா?” என்றார். ஆமாம் என்றோம். “நல்லது. ஓடைப் பக்கம் மட்டும் வச்சிராதீங்க. இப்பப் பாத்தா ஒண்ணும் தெரியாது. ஐப்பசி பொறந்தா ஒரு மழைக்கே இடுப்பளவு வந்துரும்.”

நன்றி சொல்லிவிட்டு அட்டவணையில் குறித்துக்கொண்டேன்: “ஓடை அபாயம். அறுபது அடி தள்ளிக் கட்டவும்.” அப்படித்தான் ஐந்து வீடுகளையும் கட்டினோம். கட்டும்போது வந்த மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்த்தபோது, அந்த அம்மா சொல்லாதிருந்தால் இரண்டு வீடுகளின் அடுப்படியில் மீன் பிடித்திருக்கலாம் என்று தெரிந்தது. தகவலைத்தான் குறித்தேன். சொன்னவரை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

இனி எழுதப்போவதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

நிலத்தின் மூலப்பத்திரத்தில், சொத்து விவரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. மேலூரார் ரோட்டுக்குப் போய்வரும் மாமூல் நடைதடப் பாத்தியத்துக்கு உட்பட்டது என்ற பொருளில், பழைய கையெழுத்தில். அந்தத் தடத்தில் நடக்க அவர்களுக்கு வழக்கமான உரிமை உண்டு என்று அர்த்தம். எங்கள் கிரயப் பத்திரத்துக்கான வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஐவருக்கும் அதில் பெருமை; எங்களிடம் ஓர் ஆள் இருக்கிறார் என்று. அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

போடியில் பத்திரம் எழுதுகிறவர் என் வாசகத்தையும் மூலப்பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “தடத்து வரி விட்டுப்போச்சுங்களே” என்றார். புல வரைபடத்தில் தடம் காட்டப்படவில்லை, ஆகவே தேவையில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் என்ன வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன் என்று அவருக்குத் தெரியும். பிறகு நான் கொடுத்தபடியே எழுதினார்.

வரியை விட்டுவிட்டால் உரிமை போய்விடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவர் எங்கள் பத்திரத்தைத் தாண்டி, அதற்கு முந்தையதை நகல் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண் எதற்காகப் பத்திர நகல் எடுக்கப் போகிறார்? இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டேன் என்று சொல்ல மாட்டேன். போடாமலே விடை வந்தது. முப்பது வருடப் பழக்கம்.

குடியேறிய ஆறாம் மாதம் முணுமுணுப்புகள் தொடங்கின. விடியற்காலையில் படுக்கையறை ஜன்னலில் டார்ச் வெளிச்சம் அடிக்கிறது, பேச்சுச் சத்தம், நாய்கள் குரைக்கின்றன. இடம் வேண்டும் என்று ஊரைவிட்டு வந்த ஐந்து குடும்பங்களுக்கு ஒன்றரை அடி இடம் உறுத்தத் தொடங்கியது. எனக்கு அடுத்த வீட்டுக்காரர், வங்கி மேலாளராக இருந்தவர், கூட்டத்தில் விஷயத்தைக் கிளப்பினார். எங்கள் ஐந்து வீட்டுச் சங்கத்துக்கு நான் செயலாளர். தடம் எந்த அரசு வரைபடத்திலும் இல்லை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி வாசித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அது என் எழுத்தின் சிறப்பு. ஒவ்வொருவர் துண்டையும் சுற்றிக் கல் ஊன்றிக் கம்பி இழுத்தோம்.

மேலூரிலிருந்து நாலு பேர் வந்து கேட்டார்கள். அந்த அம்மாவும் வந்திருந்தார். அரசாங்க அளவில் தடம் இல்லை, எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் தணிந்துவிட்டார்கள். சண்டை போடுவார்கள் என்று உள்ளே காத்திருந்த வங்கிக்காரர், எவ்வளவு நாகரிகமான ஜனங்கள் என்று பின்னால் பாராட்டினார்.

அவர்களுக்கு மிஞ்சியது ஓடை வழி. பத்து நிமிட நடை முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். முன்பு மேலூரில் ஒருவருக்கு ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க நான் எழுதிக் கொடுத்த மனு பத்தே நாளில் வேலை செய்திருந்தது. அந்த நல்ல பெயரை நம்பி வந்திருந்தார்.

“அரசாங்கம் அளந்தது தப்பா இருந்தா, அரசாங்கத்துக்கிட்டயே கேக்கலாமுல்ல? நீங்கதான்யா ஒரு மனு எழுதித் தரணும்.”

உட்காரச் சொன்னேன். காரணத்தைச் சொன்னார். ஜீப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. தொடர்ந்து மூன்று நாள் தவறவிட்டால், ஆள் சேர்க்கும் கங்காணி வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். அப்புறம் வேலை வேண்டுமென்றால் மலைமேல் எஸ்டேட் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்திலேயே வாரம் முழுக்கத் தங்க வேண்டும். மற்றவர்கள் தங்கலாம். இவரால் முடியாது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவுக்குக் காலையும் மாலையும் எல்லாம் செய்ய வீட்டில் இவர் ஒருவர்தான்.

“ஆத்தாவுக்கு எல்லாம் முடிச்சுப்புட்டு எம்புட்டு வெரசா வந்தாலும் ஓடை சுத்தி வர நேரமாயிருது. ரெண்டு நாளு ஜீப்பு போயிருச்சு. இன்னும் மழை வேற பெய்யல.”

நான் பேனாவை எடுத்தேன். எழுத முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது நேர்மையாக இருந்திருக்கும். அவரும் வேறு ஆளைப் பார்த்திருப்பார். நான் எழுதினேன். அழகான மனு. பொருள், பார்வை, மேலூர் வீடுகளின் எண்ணிக்கை, தடத்தின் நீளம், எல்லாம் சரி. பெறுநர் என்ற இடத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்று எழுதினேன். மாமூல் தடத்தை அடைத்தது பற்றிய புகார் போக வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர். ஒன்றியத்துக்குப் போனால், பட்டா நிலம் என்பதால் தங்களுக்குத் தொடர்பில்லை என்று பதில் வரும். வேறு பதில் அவர்களால் தர முடியாது. அதற்கு நாற்பது நாளாவது ஆகும். அதற்குள் ஒரு பெண் சலித்துப் போவார். இந்த வித்தையைப் பணியில் இருந்தபோது பிறர் செய்யப் பார்த்திருக்கிறேன், கண்டித்தும் இருக்கிறேன்.

“ஒரு காப்பி நான் வச்சுக்கிறணுமாய்யா?” என்று கேட்டார்.

கட்டாயம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போனபின் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். அவளும் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவள்தான். மேஜையில் கிடந்த என்னுடைய நகலை எடுத்து முதல் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது, பேச்சு மட்டும் இல்லை.

ஐப்பசி பிறந்தது. முதல் மழை இரவெல்லாம் பெய்து, விடியுமுன் நின்றிருந்தது. மாடியில் நின்று ஓடையைப் பார்த்தேன். ஏழெட்டு டார்ச் வெளிச்சங்கள் வரிசையாகக் கரையில் நின்றன. சேலையைத் தூக்கிச் செருகி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். தூக்குவாளிகள் தலைக்கு மேல் இருந்தன. தண்ணீர் இடுப்பளவு. அந்த அம்மா சொன்ன அளவுக்குச் சரியாக இருந்தது. அவர்கள் பாதி கடக்கும்போதே ரோட்டில் ஜீப் ஹார்ன் அடித்தது. இரண்டாம் முறை அடித்தது. பிறகு கிளம்பிப் போடிமெட்டுப் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

அன்று மாலையே கூட்டம் கூட்டினேன். மழை நாட்களில் மட்டுமாவது திறந்துவிடலாம் என்றேன். வங்கிக்காரர் கோப்பைப் புரட்டி என் ஒரு பக்கக் குறிப்பை எடுத்தார்.

“நீங்கதான சார் எழுதியிருக்கீங்க, ஒருமுறை அனுமதிச்சா அதுவே பின்னால உரிமையாக் கோரப்படலாம்னு. ரொம்பத் தெளிவா இருக்கு சார். இதுக்கு மேல நாங்க என்ன சொல்றது?”

மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள். ஒத்த மனசுள்ளவர்கள். அந்த மனசை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். மூலப்பத்திரத்து வரியைப் பற்றி அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் “விவாதிக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பதில் வந்ததும் அந்த அம்மா மறுபடி வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஒன்றிய அலுவலகத்துக் கடிதத்தையும் என் மனுவின் நகலையும் எடுத்து மேஜையில் வைத்தார். நகலை அவர் லேமினேஷன் செய்து வைத்திருந்தார். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா. என் கையெழுத்து கண்ணாடிக்குள் இருப்பதுபோல மினுமினுத்தது.

“போடியில மனு எழுதுறவரு ஒருத்தரு இருக்காரு, மரத்தடியில. அவருகிட்ட இதக் காட்டினேன்” என்றார். “படிச்சுப்புட்டுச் சிரிச்சாரு. எல்லாம் சுத்தமா இருக்கு, போக வேண்டிய ஆபீஸ் மட்டும் தப்பா இருக்குன்னாரு. இம்புட்டுத் தெரிஞ்ச ஆளுக்கு அது தெரியாமப் போகாது, வேணும்னே எழுதிக் குடுத்திருக்காருன்னாரு.”

நான் ஒன்றியத்துக் கடிதத்தை எடுத்துப் பிரித்தேன்.

“நான் அவரோட சண்டைக்குப் போயிட்டேன்யா. அய்யா அப்படிச் செய்யிற ஆளு இல்லன்னேன். சுத்தி நின்னவங்கெல்லாம் பாத்தாங்க.”

அவர் காத்திருந்தார். மூன்று சொல் போதும்: வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். எத்தனையோ கோப்புகளில் எத்தனையோ பேருடைய தவறை ஒரே வரியில் எழுதியவன் நான். கடிதத்தை மடித்து, மேஜையின் ஓரத்துக்கு நேராக வைத்தேன். மனைவி காபி கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைக் குடித்து முடித்தார்.

“சரி, வர்றேன்” என்று எழுந்தார். “எடம் போயிருச்சுய்யா ஜீப்புல. நாளையிலருந்து மேல லயத்துலதான் சோலி. சனிக்கிழமை எறங்கி வருவேன். ஆத்தாவ எந் தங்கச்சி வீட்டுல விட்டுருக்கேன். அதுக்கு அங்க பிடிக்கல.”

லேமினேஷன் செய்த தாளை எடுத்துக்கொள்ளவில்லை. மறந்தாரா, விட்டுப் போனாரா தெரியாது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எரிக்க முடியாது, நாறும். கிழிக்க வராது.

அன்றைக்கே செயலாளர் பொறுப்பை விட்டேன். மூலப்பத்திரத்து வரியை நகல் எடுத்து நாலு வீட்டுக்கும் கொடுத்தேன். நானே விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். வங்கிக்காரர் அதிர்ந்து போனார். தடத்துக்காக அல்ல, என்னால் தன் பத்திரத்துக்கு வில்லங்கம் வந்துவிட்டதே என்று. இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. மாலை நடைக்கு நான் தனியாகத்தான் போகிறேன். விசாலமாக இருக்கிறது.

என் நிலம் ரோட்டை ஒட்டிய துண்டு. என் பங்குக்கு ரோட்டோரக் கம்பியையும் மேல்பக்கக் கம்பியையும் அறுத்துவிட்டேன். ஆகவே இப்போது என் நிலத்தில் தடம் இருக்கிறது. அது ரோட்டில் தொடங்கி, எனக்கு மேலே உள்ள வங்கிக்காரர் வேலியில் முடிகிறது. ஒரு நாள் இரண்டு ஆடுகள் அதில் வந்து, வேலிவரை போய், யோசித்துவிட்டுத் திரும்பின.

“ஆடு நடக்கத் தடம் விட்டிருக்கீங்க” என்றாள் மனைவி. பல வாரங்களுக்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்தது அன்றுதான்.

கோட்டாட்சியருக்கு உரிய மனுவை எழுதினேன். மூலப்பத்திர நகல், தடத்தின் வரைபடம், அந்த வரி எப்படி விட்டுப்போனது என்று என் பெயரில் ஒரு வாக்குமூலம். எதிர்மனுதாரர்களில் முதல் பெயர் என்னுடையது. ஆனால் மனுதாரராக நான் கையெழுத்திட முடியாது. தடத்தில் நடந்தவர் இட வேண்டும்.

சனிக்கிழமை மாலை தாள்களோடு ரோட்டில் ஜீப் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். ஜீப் வந்தது. அந்த அம்மா ஒரு துணி மூட்டையோடு இறங்கினார். ஆள் இளைத்திருந்தார். கூட வந்த பெண்கள் ஓடைப் பக்கம் நடக்கத் தொடங்க, அவர் மட்டும் நின்றார். முதல் மனுவை வேண்டுமென்றே தப்பாக எழுதினேன் என்று சொன்னேன். பத்திரத்து வரியையும் சொன்னேன். பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த தாள்களையே பார்த்தார்.

“மரத்தடியில அவருகிட்ட அம்புட்டுப் பேச்சுப் பேசிப்புட்டேனே” என்றார்.

பிறகு தாள்களை வாங்கிப் பிளாஸ்டிக் பையில் வைத்து, வாயை இறுக்கக் கட்டினார். இங்கேயே கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்று பேனாவை நீட்டினேன்.

“இல்லய்யா. கோவிச்சுக்கிறாதீங்க. நாளைக்கிப் போடிக்குப் போறேன். மரத்தடியில அவரு ஞாயித்துக்கிழமையும் இருப்பாரு, அவருகிட்ட ஒரு தடவ காட்டிக் கேட்டுக்கிட்டு, அப்புறம் போடறேன்.”

அதுதான் சரியான நடைமுறை என்றேன். உண்மையிலேயே அதுதான்.

அவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, நான் அறுத்துவிட்டிருந்த கம்பிக்குள் நுழையாமல், அதைத் தாண்டி நடந்து, ஓடை வழியாகப் போனார்.